குழந்தையைத் தூக்காத கண்டக்டர்

தம்பி பெண்டாட்டியின் பிரசவத்துக்குத் துணையாக யாரோ ஒருத்தியை அமர்த்தியிருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் என்ன செத்தா போய்விட்டேன்? அதே கட்டடத்தில் கீழ் வீட்டில்தான் இருக்கிறேன். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பையன்களைப் பெற்று ஆளாக்கியிருக்கிறேன். அந்தத் துரைகள் இப்போது போனில் என்னிடம் அளந்து அளந்து பேசுகிறார்கள். பிள்ளை பெறுவதைப் பற்றி எனக்கே பாடமா?

"டேய், டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, நான் இருக்கேன். நடுவுல இவ யாருடா?" என்றேன்.

"டூலான்னு சொல்வாங்கக்கா. வைத்தியம் எதுவும் பண்ண மாட்டாங்க. கூடவே இருப்பாங்க. வலி எடுத்ததிலேருந்து, வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் வரைக்கும்."

"கூட இருக்கிறதுக்கு ஒரு ஆளா?"

"படிச்சு சர்டிபிகேட் வாங்கியிருக்காங்கக்கா."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமாக இருக்கும்போது வருமே, அந்தச் சிரிப்பு. ஆனால் அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தம்பி மனைவியின் அம்மா, படுக்கையில் விழுந்துவிட்ட கணவரை விட்டு நகர முடியாத நிலை. என்னைக் கண்டாலோ அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் பயம். வாய்விட்டுச் சொன்னதில்லை, நான் மாடி ஏறினால் எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பாள். அவளுக்கென்று ஓர் ஆள் வேண்டும் என்று தம்பி நினைத்தது சரிதான். சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வந்தவளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். நெடுநெடுவென்ற உயரம். ஹாலின் நடுவில் இரண்டு காலையும் அகட்டி வைத்து நின்றாள். ஆடாத தரையில் யார் இப்படி நிற்பார்கள் என்று பார்த்தேன். கேட்டால், முன்பு பல வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவளாம். அன்றைக்கே அவளுக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்துவிட்டேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன். "அப்படியே கூப்பிடுங்க மேடம், அப்பத்தான் திரும்பிப் பார்ப்பேன்" என்றாள்.

அவள் கதையை ஒரேயடியாகச் சொன்னதில்லை. துணி மடிக்கும்போது கொஞ்சம், பாத்திரம் கழுவும்போது கொஞ்சம் என்று பல நாளில் சொன்னாள். ஒரே தடத்தில் ஓடிய பஸ். ஒரு நாள் மதியம் ஒரு கர்ப்பிணிக்கு வண்டியிலேயே வலி கண்டுவிட்டது. டிரைவர் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு விட்டார். கண்டக்டருக்குப் பிரசவத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுக்குப் பிள்ளையும் இல்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாய்க்கு வேறு எதுவும் வராததால் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தாளாம். சில மாதம் கழித்து அந்தப் பெண் டிப்போவுக்கே பிள்ளையோடு தேடி வந்துவிட்டாள். "டாக்டர் முகம் ஞாபகமில்லக்கா, உங்க குரல்தான் ஞாபகமிருக்கு" என்றாளாம். பின்னால் கண்டக்டர் இல்லாத பஸ்கள் வந்து இவளை வீட்டுக்கு அனுப்பியபோது, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

"எத்தனை நாளைக்கு வருவீங்க?" என்று முதல் நாளே கேட்டேன்.

"வண்டியை எடுக்கலாம்னு நானாச் சொல்ல மாட்டேன் மேடம். இந்தப் பொண்ணு என்னைப் பார்த்து, 'போலாம் ரைட்'னு சொல்லணும். அன்னிக்குத்தான் என் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

சரியான ஒட்டுப்புல் என்று நினைத்துக்கொண்டேன்.

வலி எடுத்தது ஒரு காலை நேரத்தில். பிரசவ அறைக்குள் இரண்டு பேரைத்தான் விட்டார்கள். தம்பியும் கண்டக்டரும் உள்ளே போனார்கள். ரத்த சம்பந்தம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. தாழ்ந்த குரல், அவசரமில்லாத குரல்.

"பெட்ரோல் பங்க்... தண்ணித் தொட்டி... பழைய தபாலாபீஸ்... மார்க்கெட் வாசல்... மூச்சை விடும்மா... ரயில்வே கேட். இங்க கொஞ்சம் நிக்கும். நிக்கட்டும். இனிமே இறக்கம்தான்... பள்ளிக்கூடம்... டிப்போ. அவ்வளவுதான், தாண்டியாச்சு. போலாம் ரைட்."

ஒவ்வொரு வலிக்கும் ஒரு நடை. உச்சம் எப்போதும் ரயில்வே கேட்டில் வந்தது. கேட்டுக்கொண்டே இருந்ததில் எனக்கே அந்தத் தடம் மனப்பாடமாகிவிட்டது. என் தம்பி கரப்பான் பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுகிறவன். அவனுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தாள்: கேட் வரும்போது மனைவியின் இடுப்பை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்த வேண்டும். ஒருமுறை தண்ணீர் எடுக்க வெளியே வந்தவனைக் கண்டு நான் அசந்துபோனேன். வியர்த்துக் கொட்டியிருந்தான், ஆனால் கம்பீரமாக இருந்தான்.

சாயங்காலம் குழந்தையின் இதயத் துடிப்பு குறைய ஆரம்பித்தது. அறுவை சிகிச்சைதான் என்று டாக்டர் வேகமாகச் சொன்னது, திறந்து கிடந்த கதவு வழியாக எனக்கும் கேட்டது. கண்டக்டர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் சொன்னதையே ஒருமுறை மெதுவாகத் தம்பி மனைவியிடம் திருப்பிச் சொல்லி, "டாக்டர்கிட்ட எதாவது கேக்கணுமாம்மா?" என்றாள். "பாப்பா நல்லா இருக்குமா?" என்று அவள் கேட்க, "அதுக்காகத்தான்மா பண்றோம்" என்றார் டாக்டர். சிகிச்சை அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. தம்பி வெளுத்துப்போய் நின்றான். "தலைமாட்டுல உக்காருங்க. அவங்க முகத்தை மட்டும் பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க" என்று அனுப்பிவிட்டு, கண்டக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மணிக்கட்டு முழுக்க நகக் குறிகள். பிளாஸ்கிலிருந்த டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், குடிக்க மறந்து மூடியைப் பிடித்தபடியே இருந்தாள். அப்போதுதான் அவளும் பயந்துபோயிருக்கிறாள் என்று தெரிந்தது.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று நான் ஊருக்கெல்லாம் போன் போட்டேன். ஆனால் தாய் நலமாக இல்லை. கண் விழித்ததும் அவள் கண்டக்டரிடம் சொன்ன முதல் வார்த்தை, "பாதியிலேயே என்னை இறக்கி விட்டுட்டாங்கக்கா" என்பதுதான்.

"வழியில பஸ் மாறினா ஊர் போய்ச் சேரலேன்னு ஆயிடுமா?" என்றாள் கண்டக்டர்.

தம்பி மனைவி சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு கண்டக்டர் தினமும் காலையில் வந்தாள். கைகால் கழுவிவிட்டு நேராகத் தாயிடம் போவாள். தூங்கினியா, புண் இழுக்குதா, சாப்பிட்டியா. முதுகுக்குத் தலையணை வைப்பாள், பால் கொடுக்கும்போது தோளைத் தளர்த்தி விடுவாள், பக்கத்தில் தண்ணீர் வைப்பாள். ஜன்னலைத் திறப்பாள். குழந்தையைப் பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "உள்ள இடமில்ல, அடுத்த வண்டியில வாங்க" என்பாள். மீறி உள்ளே வந்த எங்கள் பெரியம்மாவிடம் ஈரத் துணிக் கூடையைக் கொடுத்துக் கொடியில் போடச் சொல்லிவிட்டாள். பெரியம்மா அதோடு அந்தப் பக்கம் வரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கண்டக்டர்மேல் மரியாதை கூடியது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அவள் குழந்தையைத் தூக்கவே மாட்டாள். குழந்தை வீறிட்டு அழுதாலும், தாய் பக்கத்தில் உட்கார்ந்து, "பசியா இருக்குமோ, துணி நனைஞ்சிருக்கோ, என்ன நினைக்கிறேம்மா?" என்று கேட்பாளே தவிர, கை நீட்ட மாட்டாள்.

"பிள்ளையைத் தூக்காத துணை எந்த ஊர்ல இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"பாப்பாவைத் தூக்க ஆள் வரிசையில நிக்குது மேடம், உங்களையும் சேர்த்து. அம்மாவைத் தாங்கிக்கத்தான் ஆள் இல்ல. அதுவுமில்லாம, பாப்பா அழுதா என்ன பண்ணணும்னு முதல்ல கண்டுபிடிக்க வேண்டியவங்க அவங்க. நான் முந்திக்கிட்டா அவங்க எப்பக் கண்டுபிடிப்பாங்க?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மதியம் அந்தக் கொள்கை உடைந்தது. உடைத்தது என் வாய்தான்.

எனக்கு நல்ல சளி. குழந்தையிடம் போகக்கூடாது. மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு மாடி வாசலில் நின்றிருந்தேன். தம்பி வேலைக்குப் போயிருந்தான். தாய் குளியலறைக்குள் போய் வெகுநேரமாகியும் வரவில்லை. தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தொட்டிலில் குழந்தை முகமெல்லாம் சிவந்து கத்துகிறது. கண்டக்டர் குளியலறைக் கதவைத் தட்டி, "பாப்பா அழுறாம்மா, கொண்டு வரட்டுமா?" என்றாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். இல்லை.

"உனக்குக் கல்லு மனசா? தூக்கு!" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், தூக்கினாள். நெஞ்சோடு அணைத்து ஏதோ முணுமுணுத்தாள். குழாயை மூடியது போல அழுகை நின்றது. அதுவரைக்கும் அந்தக் குழந்தை அப்படி யாரிடமும் அடங்கியதில்லை. சற்று நேரத்தில் தூங்கியே போயிற்று.

கதவு திறந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அவள் நின்றாள். கண் வீங்கியிருந்தது. அழுவாள், கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மிகவும் நிதானமாக, "நல்லாத் தூங்குறா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் அழுதிருந்தாலே தேவலை என்று இருந்தது.

அன்றிலிருந்து அவள் குழந்தையைத் தானாக எடுப்பதில்லை. பசிக்கு வாங்குவாள், பால் கொடுத்ததும் கண்டக்டர் பக்கம் நீட்டிவிடுவாள். "வயித்துக்குள்ள இருக்கும்போதே உங்க குரலைத்தான் கேட்டா. உங்களைத்தான் தெரியும். என்னை அவளுக்குத் தெரியல" என்பாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலை கண்டக்டர் என்னையும் தம்பியையும் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பாப்பாவைத் தூக்கினது என் தப்பு. ஆனா இது அதனால மட்டும் வந்ததில்ல. ரொம்ப நாளாக் கூடிக்கிட்டே வருது. இன்னிக்கே டாக்டர்கிட்டப் போகணும்."

"அழுறா, அவ்வளவுதானே? போகப் போகச் சரியாயிடும்" என்றான் தம்பி.

"நாங்கள்லாம் பெக்கலையா?" என்று நானும் ஒத்து ஊதினேன்.

அப்போதுதான் முதல் தடவையாக அவளுடைய பஸ் குரலைக் கேட்டேன். பின்கதவு வரைக்கும் போகிற குரல். அந்தச் சின்னச் சமையலறையில் பாத்திரம் அதிர்ந்தது.

"இப்ப என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? 'நான் இல்லாட்டி பாப்பா நல்லா இருப்பா'ன்னாங்க. இந்த வார்த்தையைக் கேட்டுட்டு நாளைக்குப் பாக்கலாம்னு யாரும் சொல்லக்கூடாது. இதுக்கு மேல எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். வண்டியை எடுங்க."

தம்பி சாவியை எடுத்தான். நான் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன்.

டாக்டர் ஒரு பெண். வெகுநேரம் தம்பி மனைவியோடு தனியாகப் பேசினார். பிறகு எங்களை அழைத்து, இது பிரசவத்துக்குப் பின் பலருக்கும் வருகிற மன அழுத்தம், நோய்தான், குணமாகும் என்றார். பால் கொடுக்கிறவர்களுக்கு ஒத்துக்கொள்கிற மாத்திரை எழுதினார். வாரா வாரம் வந்து பேச வேண்டும், தனியாக விடக்கூடாது, தூங்க விட வேண்டும் என்றார். தம்பி ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதான். எனக்கும் அழுகை வந்தது. நான் மாடி ஏறும்போதெல்லாம் எழுந்து நின்ற அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள்.

அதன்பிறகு நடந்தது எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. ஒரு நாள் தேறுவாள், இரண்டு நாள் சுருண்டு படுப்பாள். ராத்திரி பாதிப் பொழுது தம்பி பார்த்துக்கொண்டான். நான் மாடி ஏறினால் வாசலிலேயே, "எழுந்திருக்காதே, எழுந்தா நான் திரும்பிப் போயிடுவேன்" என்று மிரட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். அவள் முதல் தடவை சிரித்தது அதற்குத்தான்.

கண்டக்டரைப் பற்றி ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். அவள் கை எப்போதும் ஈரமாகவே இருந்தது. தாய் கொஞ்சம் தெம்பாக இருக்கிற நேரமாகப் பார்த்து, குழந்தை சிணுங்கினால், அடுப்படியிலிருந்து, "கை ஈரம்மா!" என்பாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள். எனக்குப் பிடிபட்டுவிட்டது. அடுத்த முறை நானும், "எனக்குக் கையெல்லாம் மெஷின் மை" என்றேன். தம்பி, கையில் ஒன்றுமே இல்லாதவன், அவசரமாக ஒரு செருப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். வேறு வழியில்லாமல் அவள் எழுந்து குழந்தையை எடுப்பாள். எடுத்ததும் கண்டக்டர் ஓடி வந்து பக்கத்தில் ஒட்டி உட்காருவாள். கைதான் தரமாட்டாள், சாய்ந்துகொள்ளத் தோள் தருவாள். தாயின் கண் களைத்துக் கிடக்கிற நாளில் இந்த நாடகம் கிடையாது. நான்தான் குழந்தையைக் கீழே கொண்டுபோவேன்.

ஆனாலும் குழந்தை அவளிடம் அடங்க நேரம் எடுத்தது. அழுகை நீண்டால் அவள் முகம் இருண்டுவிடும். கண் கண்டக்டரைத் தேடும். இவள் எப்போது "ரைட்" சொல்லப் போகிறாள் என்று எனக்குக் கவலையாகவே இருந்தது. சொல்லாமலே போய்விட்டால், தான் தாய் என்பதை அவள் கடைசிவரைக்கும் நம்பாமலே போய்விடுவாளோ என்ற பயம்.

தடுப்பூசி போடும் நாள் வந்தது. நால்வரும் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குக் காரில் போனோம். வண்டியை விட்டு இறங்கும்போதே கண்டக்டர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டாள். குழந்தையின் துணிப் பை ஒரு தோளில், என் கைப்பை இன்னொரு தோளில், கைகளில் பிளாஸ்க், போர்வை, குடை. வெயில் மழை எதுவும் இல்லாத நாளில் குடை எதற்கு என்று கேட்க வாயெடுத்தவள், புரிந்து மூடிக்கொண்டேன்.

ஊசி இறங்கியது. குழந்தை ஒரு கணம் மூச்சையடக்கி, பிறகு கூடமே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. அவள் பழக்கத்தில் சட்டென்று திரும்பிக் குழந்தையைக் கண்டக்டரிடம் நீட்டினாள். கண்டக்டர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். ஒன்றில் பிளாஸ்க், போர்வை, ஒன்றில் குடை. அவள் என்னைப் பார்த்தாள். நான் தும்மினேன். பொய்த் தும்மல்தான், அதைவிடக் கேவலமான தும்மலை யாரும் தும்மியிருக்க முடியாது.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். எங்கே உட்கார்ந்து அழுதுவிடுவாளோ என்று நான் பயந்தேன். அப்போது அவள் கரகரத்த குரலில் சொல்வது கேட்டது.

"பெட்ரோல் பங்க்... தண்ணித் தொட்டி... பள்ளிக்கூடம்... இல்ல... மார்க்கெட் வாசல்... தபாலாபீஸ்..."

எல்லாம் தப்பு. பள்ளிக்கூடம் ரயில்வே கேட்டுக்கு அப்பால் அல்லவா வர வேண்டும்! நான் ஒருமுறை தபாலாபீஸை மாற்றிச் சொன்னதற்கே ஒரு மணி நேரம் என்னோடு வாதாடியவள் கண்டக்டர். இப்போது குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, வாயே திறக்கவில்லை. தடம் கன்னாபின்னாவென்று ஊரைச் சுற்றியது. ரயில்வே கேட் இரண்டு தடவை வந்தது. இரண்டாவது கேட்டில் குழந்தையின் அழுகை விக்கலாகக் குறைந்தது. "இங்க கொஞ்சம் நிக்கும், நிக்கட்டும்டி" என்றாள் தாய். இன்னும் ஒரு சுற்று நடந்தாள். குழந்தை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அடங்கியது.

அவள் எங்களைப் பார்க்கவில்லை. "அடங்கிட்டியா? என்கிட்டயா அடங்கின?" என்று குழந்தையிடமே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தும்மல் என்று சமாளித்தேன்.

வெளியே வந்தோம். தம்பி வண்டியை எடுத்தான். நான் முன்னால் ஏறினேன். அவளே குழந்தையை அதன் இருக்கையில் வைத்து, வாரை இழுத்துச் சரிபார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். கையிலிருந்த சாமான்களையும் என் கைப்பையையும் என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்டக்டர் ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"அக்கா," என்றாள் தம்பி மனைவி. "நீங்க இன்னிக்கு உங்க வீட்டுக்குப் போங்களேன். நாங்க போயிக்கிறோம்."

"சரிம்மா. நாளைக்குக் காலையில..."

"நாளைக்கும் வேணாம்க்கா." குழந்தையின் வாரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். "பயமாத்தான் இருக்கு. டாக்டர்கிட்ட விடாமப் போறேன். மாத்திரையும் விட மாட்டேன். முடியலேன்னா உங்களைக் கூப்பிடுறேன். ஆனா..." நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போலாம் ரைட்."

கண்டக்டர் காலைக் கீழே எடுத்தாள். கதவைச் சாத்தி, வண்டியின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். தம்பி வண்டியை நகர்த்தினான்.

திருப்பத்தில் கண்ணாடியில் பார்த்தேன். காலை அகட்டி வைத்து அங்கேயே நின்றிருந்தாள். தோளில் குழந்தையின் பை தொங்கியது.

"ஐயையோ, டயப்பர், துணி எல்லாம் அவங்ககிட்டயே போயிடுச்சு! நிறுத்துடா!" என்றேன்.

"நிறுத்தாதீங்க," என்றாள் பின்னாலிருந்து தம்பி மனைவி. "பீரோவுல கீழ்த்தட்டுல இன்னொரு கட்டு இருக்கு அண்ணி. நான்தான் எடுத்து வச்சேன்."